பாதாள கங்கையும் ஆயிரத்து நூறு அடியும்

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். பெரியப்பா தோட்டத்தில் மூணாவது போர் ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரி பதினோரு மணிக்கு ஆரம்பித்த ரிக் வண்டி மறுநாள் மத்தியானம் வரைக்கும் ஊரையே அதிர வைத்தது. தென்னை மரமெல்லாம் திருநீறு பூசின மாதிரி வெள்ளையாக நிற்கிறது. எல்லாம் பாறைத்தூள். 400 அடியில் கொஞ்சம் ஈரம் தட்டியது. கட்டிலில் சாய்ந்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றார்கள். 420-ல் மறுபடியும் புகை. 700, 800, 900... வெறும் புகைதான். 1100 அடியில் வண்டிக்காரர் "போதுங்களாண்ணா?" என்று கேட்டார். பெரியப்பா ஒண்ணும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மூணு போருக்கும் சேர்த்து நாலரை லட்சம். அதில் பாதி பெரியம்மாவின் நகை.

மூணு பாயிண்டும் பார்த்துக் கொடுத்தது ஒரே ஆள்தான். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி வருவார். தேங்காய் எழுந்து நிற்கும் இடத்தில் கல்லை நட வேண்டியது. "இங்க ரெண்டு ஓட்டம் கூடுதுங்க. 650-ல ஒண்ணு, 820-ல ஒண்ணு. மேக்க மலையில இருந்து வர்ற ஆறுங்க, வத்தவே வத்தாது" என்று சொல்லிவிட்டுக் காணிக்கை வாங்கிக்கொண்டு போனார். புகை வந்த பிறகு போன் பண்ணிக் கேட்டால், "ஓட்டம் அரையடி தள்ளிப் போயிருச்சுங்க" என்கிறார்.

அரையடி! ஆறுன்னு சொன்னீங்களே சாமி, அரையடி அகலத்திலா ஆறு ஓடுது?

அந்த ஆள்மேல்கூட எனக்குப் பெரிய கோபம் கிடையாது. அவர் பிழைப்பு அது. கோபமெல்லாம் அந்த ஆற்றின் மேல். கொங்கு நாட்டில் டிராக்டர் ஓட்டுகிறவரிலிருந்து இன்ஜினியரிங் முடித்தவர் வரைக்கும் எல்லோருக்கும் பூமிக்கடியில் ஒரு பாதாள கங்கை ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னும் நூறு அடி போனால் சிக்கிவிடும் ஆறு. இல்லாத அந்த ஆறு எங்கள் தாலுகாவில் தின்ற நகைகளைச் சேர்த்தால் ஒரு கோயிலுக்குக் கூரை போடலாம்.

சரி, ஆறு இல்லைன்னா அடியில் என்னதான் இருக்கு? மறுநாள் காலையில் பழைய கிணற்றில் இறங்கிப் பார்த்தேன். 70 அடி. தாத்தா காலத்தில் கவலை கட்டி இறைத்த கிணறு. (கவலைன்னா மாடு கட்டித் தோல் பறியில் இறைக்கிறது. அப்போதெல்லாம் கவலை கிணற்று மேட்டில் மட்டும்தான் இருந்தது.) இப்போது சொட்டுத் தண்ணி இல்லை. அடியில் ஒரு உடைஞ்ச குடமும் ஒரு பாம்புச் சட்டையும் கிடக்கின்றன.

ஆனால் கிணற்றுச் சுவர் இருக்கிறதே! மேலே மூணு நாலு அடிக்குச் செம்மண். அதற்குக் கீழே உருண்டை உருண்டையா வெள்ளைச் சுக்கான் கல். அதற்கப்புறம் ஐம்பது அடி வரைக்கும் ஒரு விசித்திரமான சமாச்சாரம். பார்த்தால் பாறை மாதிரியே கோடு கோடாக இருக்கும், நகத்தால் சுரண்டினால் பொலபொலன்னு உதிரும். உளுத்த பாறை. அதற்கும் கீழேதான் கருநீலமாக அசல் பாறை, தாத்தா வெடி வைத்த தமர்க்குழிகளோடு. அந்தப் பாறையில் சாய்வாக ரெண்டு வெடிப்பு. விளிம்பெல்லாம் துரு நிறம். நம்ம ஆள் சொன்ன "ஓட்டம்" இந்த வெடிப்புதான், வேறொண்ணும் இல்லை.

இந்தச் சுவரை யார் கட்டினது தெரியுமா? தண்ணிதான்.

எங்கள் பக்கத்துப் பாறை சுமார் 250 கோடி வருஷப் பழசு. பூமிக்கு உள்ளே பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து அழுந்தி உருவான நைஸ் பாறை. அதற்குள் துளையே கிடையாதுன்னு சொல்லலாம். நூறு பங்கு பாறையில் ஒரு பங்கு காலியிடம்கூடத் தேறாது. அப்படிப்பட்ட கல்லுக்குள் மழை எப்படிப் புகுந்தது? மண்ணுக்குள் இறங்குகிற மழைத்தண்ணி, வேர்களும் கிருமிகளும் விடுகிற மூச்சுக்காற்றை வாங்கிக்கொண்டு லேசான சோடா ஆகிவிடுகிறது. அதாவது மெல்லிய அமிலம். அது வெடிப்பில் இறங்கி, பாறையில் வெளுப்பாக மினுக்குகிற ஃபெல்ட்ஸ்பாரை அரித்துக் களியாக மாற்றுகிறது. குவார்ட்ஸ் மசியாது, அது மணலாக நின்றுவிடும். இரும்பு துருப்பிடித்து மண்ணைச் சிவப்பாக்கும். கரைந்து வந்த சுண்ணாம்பு, எங்களை மாதிரி மழை குறைச்சலான ஊரில் கடல் வரைக்கும் போகாமல் பாதி வழியிலேயே தண்ணி காய்ந்து படிந்துவிடும். சுக்கான் கல் அதுதான். உழும்போது கலப்பையில் தட்டுகிறதேன்னு திட்டுவோமே, அந்தக் கல் ஒரு காலத்தில் தண்ணியில் கரைந்து வந்த பாறை.

தண்ணி பாறையைத் தின்று தனக்கு வீடு கட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஐம்பது அடி வீட்டைக் கட்ட லட்சக்கணக்கான வருஷம் பிடித்திருக்கிறது.

எல்லா இடத்திலும் ஒரே சீராகவும் தின்னாது. வெடிப்பு நெருக்கமாக இருக்கும் இடத்தில் ஆழமாகத் தின்னும். அந்த இடம்தான் பின்னால் தாழ்ந்து ஓடையாகவும் பள்ளமாகவும் ஆகிறது. வெடிப்பு குறைந்த இடம் கரடாக நிற்கும். மண்ணுக்குள் கிடக்கும் கட்டத்துண்டுப் பாறையின் மூலையை மூணு பக்கமும் தண்ணி தாக்கும், விளிம்பை ரெண்டு பக்கம், முகத்தை ஒரே பக்கம். அதனால் மூலை முதலில் போய்க் கட்டம் உருண்டை ஆகிவிடும். மேலே உள்ள மண்ணை அப்புறம் மழை அடித்துக்கொண்டு போனால் உருண்டைகள் மட்டும் ஒண்ணு மேல ஒண்ணாக நிற்கும். செஞ்சிப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், ராட்சசன் அடுக்கி வைத்த மாதிரி. ராட்சசன் இல்லீங்க, நிலத்தடி நீர்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விலாவாரியாகச் சொல்கிறேன்? இந்த உளுத்த பாறைதான் நம்ம தொட்டி. கீழே இருக்கிற வெடிப்பு வெறும் குழாய். தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட 73 சதவீத நிலம் இப்படிப்பட்ட கடினப் பாறை. (நெய்வேலி மாதிரி இடங்கள் வேற கதை. அங்கே மணற்பாறைக்குள் தண்ணி அழுத்தத்தோடு இருக்கிறது. நிலக்கரி எடுக்கணும்னா அடியிலுள்ள நீரை இறைத்துக்கொண்டே இருக்கணும், 1961-லிருந்து இறைக்கிறார்கள். மேகாலயாவில் சுண்ணாம்புப் பாறைக் குகைக்குள் நிஜமாகவே ஆறு ஓடுகிறது. அங்கே போய்த் தேங்காய் வைத்துப் பார்த்தால் நான் ஒண்ணும் சொல்லப் போவதில்லை.)

தொட்டி எவ்வளவு பெரிசு? கணக்குப் போடுவோம். ஒரு ஏக்கர், உளுத்த பாறை 15 மீட்டர் கனம். நூறு பங்கில் ரெண்டு பங்கு தண்ணியைத்தான் அது விட்டுக் கொடுக்கும், மிச்சத்தைக் களி பிடித்து வைத்துக்கொள்ளும். அப்படியானால் தொட்டி ததும்பி நின்றாலும் ஏக்கருக்கு 12 லட்சம் லிட்டர். வரவு? வருஷ மழை 650 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், அதில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் இந்த வகைப் பாறைக்குள் இறங்கும். நான் சொல்வதில்லை, நிலத்தடி நீர் கணக்கிட 1997-ல் வந்த மத்திய அரசு நெறிமுறையே உளுத்த நைஸுக்கு 8 முதல் 11 சதவீதம் என்கிறது. ஆக ஏக்கருக்கு 2 லட்சத்து 60 ஆயிரம் லிட்டர். செலவு? ஒரு ஏக்கரில் 70 தென்னை, சொட்டுநீரிலேயே மரத்துக்கு நாளைக்கு 50 லிட்டர், 300 நாள். பத்தரை லட்சம்.

அதாவது ஒரு ஏக்கர் தென்னைக்கு நாலு ஏக்கர் மழை வேணும். வாய்க்கால் பாசனம் இல்லாத எங்கள் பக்கம் வரிசையாகப் பத்துத் தோட்டமும் தென்னை. யாருடைய மூணு ஏக்கர் மழையை யார் குடிக்கிறார்? காலியான தொட்டி நிரம்பணும்னா, யாரும் ஒரு சொட்டுக்கூட எடுக்காமல் இருந்தால் நாலரை வருஷம் ஆகும். 

"அதான் ஆழமா போறோமில்ல" என்பார்கள். ஆழம் போகப் போக மேலே உள்ள பாறையின் கனத்தில் வெடிப்பு இறுகிக்கொண்டே போகும். உளுத்தலும் அங்கே போய்ச் சேராது. கடினப் பாறையில் ஆழம் கூடக் கூட, தோண்டுகிற ஒவ்வொரு அடிக்கும் கிடைக்கும் தண்ணி குறைகிறது என்று அமெரிக்கக் கிணறுகளின் கணக்கை வைத்து டேவிஸ், டர்க் என்று ரெண்டு பேர் 1964-லேயே எழுதிவிட்டார்கள். ரிக் வண்டி ரேட் மட்டும் ஆழம் கூடக் கூட ஏறும். அந்த ரெண்டு கோடும் எங்கே வெட்டிக்கொள்கின்றனவோ அங்கே பெரியம்மாவின் நகை இருக்கிறது.

சில பேருக்கு 900 அடியில் தண்ணி வருகிறதே என்று கேட்கலாம். வரும். ஆனால் அது 900 அடியில் குடியிருந்த தண்ணி இல்லை. பெரும்பாலும் மேலே தொட்டியில் இருந்தது வெடிப்பு வழியாக இறங்கி வருவதுதான். நம்ம தொட்டி காலியாகியிருந்தால் பக்கத்துத் தோட்டத்துத் தொட்டி.

இங்கேதான் சொல்ல வாய் வராத விஷயத்துக்கு வருகிறேன். பெரியப்பாவின் முதல் போர் புகையில்லை. 620 அடியில் ரெண்டரை இஞ்ச் தண்ணி, ஊரே வந்து பார்த்தது, கிடா வெட்டினோம். அடுத்த கோடையில் கீழத்தோட்டத்து மாமாவின் கிணறு அடி காட்டியது. எண்பது வருஷமா வத்தாத கிணறு. அவர் வந்து சண்டை போடவில்லை. அக்கா கல்யாணத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். அப்புறம் அவரும் கடன் வாங்கி 950-க்குப் போனார். அதற்கடுத்த வருஷம் எங்கள் போர் பெருமூச்சு விட ஆரம்பித்தது. பெரியப்பா இன்னமும் நம்புவது என்ன தெரியுமா? "ஓட்டம் திரும்பிருச்சு சாமி. அவங்க பக்கம் திரும்பிருச்சு."

ஓட்டம் திரும்பலை பெரியப்பா. ஒரே டம்ளரில் ரெண்டு ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினோம்.

தேங்காய்க்காரர்களுக்கு நியாயமாக ஒரு வார்த்தை. அனுபவசாலிகள் சிலர் நிஜமாகவே நிலத்தைப் படிக்கிறார்கள். பள்ளமான இடம், புற்று, வரிசையாகப் பச்சை காட்டும் மரங்கள். ஆறாம் நூற்றாண்டு வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் மரத்தையும் புற்றையும் வைத்துத் தண்ணி பார்க்க ஒரு அத்தியாயமே எழுதியிருக்கிறார். அது கவனிப்பு, அதற்கு மரியாதை உண்டு. தேங்காய்க்கும் கவட்டைக் குச்சிக்கும் அதில் பங்கில்லை. ஜெர்மனியில் 1987-88-ல் மியூனிக் பக்கம் ஒரு பெரிய கொட்டகையில் சோதித்துப் பார்த்தார்கள். கீழ்த்தளத்தில் வண்டியில் வைத்த தண்ணீர்க் குழாயை இடம் மாற்றி மாற்றி வைப்பது, மேல்தளத்தில் குச்சிக்காரர்கள் அது எங்கேன்னு சொல்வது. சுமார் 500 பேரில் வடிகட்டிய 43 பேர், 843 சோதனை. சிலர் அசத்திவிட்டதாக அப்போது முடிவு சொன்னார்கள். பின்னால் என்ரைட் என்ற விஞ்ஞானி அந்த எண்களையே எடுத்து அலசி, கண்ணை மூடிக்கொண்டு கைகாட்டினாலும் இவ்வளவு தேறும் என்று காட்டிவிட்டார். ஈரமான ஊரில் எங்கே குத்தினாலும் தண்ணி வரும், பேரும் வரும். இப்போது தொட்டி காலி, அதனால் சாயம் வெளுக்கிறது.

நான் உண்மையில் வம்பிழுக்க நினைப்பது தேங்காயோடு இல்லை, சட்டத்தோடு.

இங்கிலாந்தில் லங்காஷயரில் ஒரு பஞ்சாலைக்காரர் கிணற்றை நம்பி மில் ஓட்டினார். பக்கத்து நிலத்தில் நிலக்கரிச் சுரங்கம் தோண்டித் தண்ணியை இறைத்தார்கள், மில் கிணறு வத்தியது. வழக்கு 1843-ல் முடிந்தது, ஆக்டன் எதிர் பிளண்டெல். மில்காரர் தோற்றார். பூமிக்கடியில் தண்ணி எப்படிப் போகிறதுன்னு யாருக்குத் தெரியும், அவனவன் நிலத்துக்கடியில் இருப்பது அவனவனுக்கு, பக்கத்துக்காரன் கிணறு வத்தினால் கேள்வி கிடையாது என்பது தீர்ப்பின் சாரம். (பஞ்சாலை ஊர்க்காரனான எனக்கு அந்த மில்காரர் மேல் ஒரு தனிப் பாசம்.) அதே சரக்குதான் கப்பல் ஏறி 1882-ல் இந்திய வசதியுரிமைச் சட்டமாக வந்தது. நிலத்துக்கடியில் குறிப்பிட்ட வாய்க்காலாக ஓடாத தண்ணி முழுவதையும் எடுத்துக்கொள்ள நிலச் சொந்தக்காரருக்கு உரிமை உண்டு என்று அதன் ஏழாவது பிரிவு இன்றைக்கும் சொல்கிறது.

இதற்கு நடுவில் 1856-ல் பிரான்சில் டிஜோன் ஊருக்குக் குடிதண்ணி கொண்டுவந்த ஹென்றி டார்சி என்ற இன்ஜினியர், மணல் நிரப்பின குழாயில் தண்ணியை விட்டு அளந்து, அது எவ்வளவு வேகமாக ஊறும் என்பதற்கு ஒரு சின்ன விதியைக் கண்டுபிடித்துவிட்டார். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நீர்மட்டம் எவ்வளவு வித்தியாசம், நடுவில் எவ்வளவு தூரம், மண் எவ்வளவு வழிவிடும், அவ்வளவுதான். அன்றோடு மர்மம் முடிந்தது. ஆனால் ஐந்து வருஷம் கழித்து, 1861-ல், அமெரிக்காவில் ஒஹையோ நீதிமன்றம் நிலத்தடி நீரின் போக்கு ரகசியமானது, மாயமானது, அதற்கு விதி செய்ய முடியாது என்று தீர்ப்பு எழுதியது! அவர்களாவது 1984-ல் அதைத் திருத்திக்கொண்டார்கள். நாம்? 2003-ல் தமிழ்நாட்டில் நிலத்தடி நீர் சட்டம் ஒண்ணு போட்டு, பத்து வருஷம் தூங்க வைத்து, 2013-ல் ரத்து செய்தோம்.

ஆக தேங்காய்க்காரரும் நீதிபதியும் ஒரே கட்சி. ரெண்டு பேருக்கும் அடியில் இருப்பது மாயம். மாயம் என்று சொல்லிவிட்டால் கீழத்தோட்டத்து மாமாவுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது என்னைத் திட்டப் போகிறவர்கள் வரிசையில் நிற்பது தெரிகிறது. "டவுனில் ஏசியில் உட்கார்ந்துகொண்டு விவசாயிக்கு புத்தி சொல்றியா? மரம் காய்ஞ்சா நீ வந்து தண்ணி ஊத்துவியா?" நியாயமான கேள்வி. இருபது வருஷம் வளர்த்த மரம் கண்ணெதிரே மட்டை தொங்கினால் யாராக இருந்தாலும் போர் போடத்தான் தோன்றும். இலவச மின்சாரத்தை நிறுத்து என்று சொல்லவும் எனக்கு வாய் வராது. மின்கட்டணப் போராட்டத்தில் 1970-ல் பெருமாநல்லூரில் விவசாயிகள் சுடப்பட்டுச் செத்த மண் இது. ஆனால் இறைக்கிற ஆளுக்குக் கரண்ட் செலவு தெரிவதில்லை, தண்ணிச் செலவும் தெரிவதில்லை. ரெண்டும் தெரியாமல் ஒரு தொட்டியை பத்துப் பேர் எப்படிப் பங்கு போடுவது?

அளக்கலாமே! ஆந்திராவில் வறட்சி மாவட்டங்களில் 2003 வாக்கில் ஆரம்பித்த ஒரு திட்டத்தில் விவசாயிகளே மழையையும் நீர்மட்டத்தையும் அளந்து, எழுதி வைத்து, இந்த வருஷம் இருப்பு இவ்வளவு, அதனால் இந்தப் பயிர் என்று ஊர் கூடிப் பேசினார்கள். மகாராஷ்டிராவில் ஹிவரே பஜார் கிராமத்தில் பாசனத்துக்கு ஆழ்குழாய் கிணறே கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு. அங்கேயும் கடினப் பாறைதான், மழையும் நம்மைவிட அதிகமில்லை. ஒரு கயிறு, ஒரு கல், ஒரு நோட்டு. நாலரை லட்சம் ஆகாது.

அன்றைக்குக் கிணற்றிலிருந்து ஏறி வந்து இதில் பாதியைப் பெரியப்பாவிடம் சொன்னேன். ஸ்ட்ரா கதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்ப கீழத்தோட்டத்துக் கிணறு வத்துனது நம்மளாலன்னு சொல்ற?" என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இத அவன்கிட்ட போய்ச் சொல்லிறாத கண்ணு" என்றார்.

நேற்று போன் வந்தது. வர்ற ஞாயித்துக்கிழமை நாலாவது பாயிண்ட் பார்க்க பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வேற ஒரு ஆள் வருகிறாராம். இவர் தேங்காய் இல்லையாம், எலுமிச்சம்பழமாம். என்னையும் வரச் சொல்லியிருக்கிறார், பணத்தோடு.